குரூப் 1 படிக்கும் ஆசிரியர் போடவேண்டிய கணக்கு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்கிறவருக்கு அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 1 தேர்வில் வென்று துணை ஆட்சியராகவோ டிஎஸ்பியாகவோ சேர்ந்தால் 56,100. ஆசிரியர் வீடுகளில் அதிகாலை 4 மணிக்கு விளக்கு எரிவதற்கு இந்த நான்கு எண்களே பாதிக் காரணம்.

20,600-க்குப் பின்னால் ஒரு பழைய வழக்கும் உண்டு. 31.5.2009 வரை வேலையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே பாடநூல், ஒரு நாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய் பள்ளம். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அந்த ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் சென்னை வந்து உட்கார்ந்தது இதற்காகத்தான். ஆகவே, வேலையில் இருக்கும் ஆசிரியர் வேறு தேர்வுக்குப் படித்தால் அதைப் பேராசை என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த இடத்தில் ஆசிரியருக்கு இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். 'பிள்ளைங்க வாழ்க்கையில விளையாடாதே' என்று ஒரு பக்கம். 'முதல்ல உன்னைப் பாரு, அரசாங்கம் உன்னைப் பார்க்காது' என்று மறுபக்கம். இரண்டாலும் காலணாப் பயனில்லை. கடமை என்பது நெஞ்சில் கைவைத்து உணர்வதற்கு முன்னால் அளந்து பார்க்கக்கூடிய ஒன்று. அதைச் சட்டமே அளந்து கொடுத்திருக்கிறது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தவறாமல், நேரத்துக்கு வரவேண்டும், பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்துத் தேவைப்படுகிறவருக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பெற்றோரைச் சந்தித்துப் பேசவேண்டும். அதே சட்டத்தின் அட்டவணையில் அளவும் இருக்கிறது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி. 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி. ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம், பாடத் தயாரிப்பும் சேர்த்து.

இந்த 45-தான் அடிப்படை எண். நாளுக்கு 7 மணி வீதம் 5 நாள் பள்ளியில் இருந்தால் 35 போய்விடும். மீதி 10 மணி பாடக்குறிப்பு, நோட்டுத் திருத்தம், கற்றல் உபகரணம் செய்வது, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு. உங்கள் குரூப் 1 படிப்பு இந்த 45-க்கு வெளியே இருந்து எடுக்கப்படுகிறதா, உள்ளே இருந்து எடுக்கப்படுகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. வெளியே இருந்து எடுத்தால் குற்றவுணர்ச்சிக்கு வேலையில்லை. உள்ளே இருந்து எடுத்தால் எந்தச் சமாதானமும் செல்லாது.

உள்ளே இருந்து எடுப்பது எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வகுப்பில் 'எல்லாரும் பாடத்தைப் பார்த்து எழுதுங்க' என்று சொல்லிவிட்டு மேசைக்கடியில் கைபேசியில் நடப்பு நிகழ்வுகள் பார்ப்பது. அதில் 40 நிமிடம் போனால் மனதில் நிற்பது 10 நிமிடத்துக்கான செய்திதான். ஒரு காது பிள்ளைகள் பக்கம் இருக்க, படிப்பு ஏறாது. வகுப்பும் போய், படிப்பும் போய், இரண்டும் கெட்ட நிலை. இதை ஒழுக்கக் கேடு என்று திட்டுவதைவிட, மோசமான படிப்பு முறை என்று சொன்னால் ஆசிரியர்களே விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, வெளியே எவ்வளவு நேரம் கிடைக்கும்? மாலை 4.15-க்கு வீடு திரும்பும் ஆசிரியருக்குத் தொண்டையும் காலும் ஓய்ந்திருக்கும். ஆறு, ஏழு பாடவேளை நின்று பேசியவர் இரவு 7 முதல் 11 வரை படிப்பார் என்று எழுதப்படும் கால அட்டவணைகள் இரண்டாவது வாரமே கிழியும். அதிகாலை 4 முதல் 6 வரை புதுப் பாடம், இரவு 8.30 முதல் 9.15 வரை திருப்புதல் மட்டும் என்று வைத்தால் நிற்கும். நாளுக்கு 2¾ மணி. 5 நாளைக்கு 13¾. ஞாயிறு 7. சனிக்கிழமை 5 என்று எழுதலாம், ஆனால் மாதத்தில் ஒரு சனி குறுவள மையப் பயிற்சிக்கோ ஈடுசெய்யும் வேலை நாளுக்கோ போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகச் சராசரி வாரம் 24 மணி நேரம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் ஆசிரியைக்கு இது 15-க்கு இறங்கும். ஆண் ஆசிரியர்கள் பலருக்கு இறங்குவதில்லை, ஏன் என்று அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். முழுநேரமாகப் படிக்கிறவர் வாரத்துக்கு 50 மணிக்கு மேல் படிப்பார். அவர் ஓராண்டில் முடிப்பதை நீங்கள் இரண்டு ஆண்டில் முடிப்பதாகத் திட்டமிட்டால்தான் கணக்கு உதைக்காது.

வயது வரம்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். குரூப் 1-க்குப் பொதுப் பிரிவில் 34. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு 39. 37 வயதில் இரண்டாண்டுத் திட்டம் போட்டால் ஒரு முறைதான் ஒழுங்காக எழுதமுடியும். யுபிஎஸ்சி இன்னும் இறுக்கம்: பொதுப் பிரிவுக்கு 32 வயது, 6 முறை; பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது, 9 முறை; பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 37 வயது.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் நாட்காட்டி. 2024 குரூப் 1 முதல்நிலைத் தேர்வு ஜூலை 13-இல் நடந்தது, முதன்மைத் தேர்வு டிசம்பர் 10 முதல் 13 வரை. 2025-இல் அறிவிப்பு ஏப்ரல் 1, முதல்நிலை ஜூன் 15, முதன்மை டிசம்பர் 1 முதல் 4 வரை. இதைப் பள்ளி நாட்காட்டியின் மேல் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். அறிவிப்பு வரும் ஏப்ரலில் ஆண்டுத் தேர்வும் விடைத்தாள் திருத்தும் முகாமும். முதல்நிலை வரும் ஜூனில் பள்ளி திறப்பு: மாணவர் சேர்க்கை, விலையில்லாப் பாடநூல், நோட்டு, சீருடை விநியோகம், அத்தனைக்கும் எமிஸ் பதிவு. முதன்மை வரும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு.

இதன் நடுவே தேர்தல் வேலையும் கணக்கெடுப்பும். கல்வி உரிமைச் சட்டம் 27-வது பிரிவு ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு வைத்திருக்கிறது. 2025-இல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நவம்பர் 4-இல் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்த ஆசிரியர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, வாங்கி, செயலியில் ஏற்றிக்கொண்டிருந்த அதே நவம்பர்தான் முதன்மைத் தேர்வுக்கு முந்தைய கடைசி மாதம். அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: வீட்டுப் பட்டியல் கட்டம் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், ஆள் எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில். ஆணை வந்துவிட்டால் மறுக்கமுடியாது. எனவே ஆண்டுத் திட்டத்தில் 20 நாளை முன்கூட்டியே 'காணாமல் போகும் நாள்' என்று எழுதி வைத்துவிடுவது நல்லது.

மே மாதம்தான் ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரும்பேறு. மற்ற அரசு ஊழியர் பெரும்பாலோருக்கு இது கிடையாது. ஆனால் மே மாதத்தைப் புதுப் பாடம் தொடங்கப் பயன்படுத்துகிறவர்கள் ஜூன் தேர்வில் மாட்டிக்கொள்கிறார்கள். புதுப் பாடம் மார்ச்சோடு முடியவேண்டும். மே முழுக்க திருப்புதலும் 3 மணி நேர மாதிரித் தேர்வும் மட்டுமே.

விடுப்புக்கு வருவோம். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். ஜனவரியில் பிறந்து டிசம்பரில் சாகும். வரையறுக்கப்பட்ட விடுப்பு 3. ஆசிரியர் கோடை விடுமுறை அனுபவிப்பதால் ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 17 நாள்தான். முதல்நிலைத் தேர்வு வார இறுதியில் வரும், அதற்கு விடுப்பு தேவைப்படாது. முதன்மைத் தேர்வு நான்கு வேலை நாள். பெரும்பாலானோர் ஆகஸ்டுக்குள் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் என்று 9 தற்செயல் விடுப்பைத் தீர்த்துவிட்டு நவம்பரில் விழிக்கிறார்கள். அப்போது கைக்கு வருவது மருத்துவ விடுப்பு. காய்ச்சல் என்று சான்று கொடுத்துவிட்டு அதே தேதியில் தேர்வுக் கூடத்தில் கையெழுத்துப் போட்டால், அது அழிக்கமுடியாத சாட்சி. பிறகு யாராவது ஒரு மனு போட்டால் போதும், ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-வின் கீழ் குறிப்பாணை வரும். தேர்வில் வென்றவருக்கே அது பெரிய ஆபத்து, ஏனென்றால் நிலுவையில் ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறதா என்பதைப் புதிய துறை கேட்கும். ஆகவே முதல்நிலை எழுதும் ஆண்டில் 12-இல் 6 நாளை டிசம்பருக்கென்று தொடாமல் வையுங்கள். போதாவிட்டால் ஈட்டிய விடுப்பை உண்மைக் காரணம் சொல்லியே களஞ்சியம் செயலியில் கேளுங்கள். ஊதியமில்லா விடுப்பு எடுத்து மாதக்கணக்கில் படிக்கலாம் என்பவர்கள், அந்தக் காலம் ஆண்டு ஊதிய உயர்வுக்குக் கணக்கில் வராது என்பதையும் பார்க்கவேண்டும்.

இனி விடுப்பின் மறுபக்கம். ஆசிரியர் ஒரு நாள் வராவிட்டால் பள்ளியில் நடப்பது என்ன என்பது எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேல்நிலைப் பள்ளியில் உங்கள் பாடவேளைக்கு வேறொருவர் போய் உட்காருவார். ஒரு பாடம் தள்ளிப்போகும், அடுத்த வாரம் பிடித்துக்கொள்ளலாம். ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் அப்படியில்லை. 60 பிள்ளை வரை இரண்டே ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. ஒருவர் 1 முதல் 3, இன்னொருவர் 4, 5. ஒருவர் விடுப்பில் போன காலையில் ஐந்து வகுப்பும் ஒரே அறைக்கு வரும். காலை உணவு முடிந்து வருகைப் பதிவு போடுவதற்குள் ஒரு மணி நேரம் ஓடும். 5-ஆம் வகுப்பில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை 1-ஆம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வைத்திருப்பீர்கள். மலர் நிலைப் பிள்ளை பயிற்சி நூலைத் தானே எடுத்து எழுதிக்கொள்ளும். மொட்டு ஓரளவு சமாளிக்கும். மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பில் இருக்கும் பிள்ளைதான் அன்று முழுக்கச் சும்மா இருக்கும். 'க' வரிசையில் கொம்பும் காலும் குழம்பும் பிள்ளைக்குத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து 15 நிமிடம் தேவை. பத்து நாள் தொடர்ந்து விட்டுப்போனால் 'கெ'யும் 'கே'யும் மறுபடி ஒன்றாகிவிடும். வீட்டில் எடுத்துச் சொல்ல எழுத்துத் தெரிந்தவர் இல்லாத பிள்ளையாக இருந்தால் திரும்பப் பிடிக்க ஒரு மாதம் ஆகும்.

எனவே நீண்ட விடுப்பு எடுக்கவேண்டியிருந்தால் அரும்பு நிலைப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைத் தயார் செய்துவிட்டுப் போங்கள். பெயர், எந்த எழுத்து வரை தெரியும், எது குழம்புகிறது, எண்ணில் எதுவரை. ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி. 20 பிள்ளை என்றாலும் ஒரே பக்கம். மாற்றுப்பணிக்கு யாரையாவது அனுப்பச் சொல்லி வட்டாரக் கல்வி அலுவலருக்கு விடுப்பு விண்ணப்பத்தோடு சேர்த்தே தலைமையாசிரியர் எழுதவேண்டும். விடுப்பு தொடங்கிய பிறகு எழுதினால் ஆள் வருவதற்குள் விடுப்பு முடிந்துவிடும். வருகிறவர் கையில் அந்த ஒரு பக்கம் இருந்தால், அவர் வந்த முதல் நாளே வேலை தொடங்கும். இல்லாவிட்டால் அவருக்குப் பிள்ளைகளின் நிலை பிடிபடவே ஒரு வாரம்.

பத்தாம் வகுப்பு எடுப்பவருக்கு வேறு கணக்கு. பொதுத்தேர்வு ஆண்டில் ஜனவரி முதல் மார்ச் வரை திருப்புதல் தேர்வும் மாலை வகுப்பும் உண்டு. அந்த மூன்று மாதம் உங்கள் 24 மணி நேரம் 12 ஆகும் என்று முன்பே ஒப்புக்கொண்டுவிடுங்கள். முதல்நிலைக்கான புதுப் பாடத்தை டிசம்பரிலேயே முடித்தாக வேண்டும். முடியாது என்றால் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு வேண்டாம் என்று ஜூனில் தலைமையாசிரியரிடம் நேராகக் கேட்பது நாணயம். ஜனவரியில் கேட்பது நாணயமில்லை.

காகித வேலை. அரசு ஊழியர் வேறு அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது துறைக்குத் தெரிவிக்கவேண்டும், சான்றிதழ் சரிபார்ப்பில் தடையின்மைச் சான்று காட்டவேண்டும். விண்ணப்பத்தில் 'அரசுப் பணியில் இருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற யோசனை வேண்டாம். தகவல் மறைப்பு என்று தேர்வே ரத்தாகலாம். அறிவிப்பு வந்த வாரத்திலேயே தலைமையாசிரியர் வழியாக நியமன அதிகாரிக்கு எழுதுங்கள். கடிதத்தோடு தேர்வு அறிவிப்பின் முதல் பக்கம், விண்ணப்ப நகல், பணி நியமன ஆணை, பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை என்ற தலைமையாசிரியர் சான்று ஆகியவற்றை இணையுங்கள். இரண்டு படி. ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வீட்டில் வையுங்கள். வட்டார அலுவலக மேசையில் கோப்பு தூங்குவதற்குப் பெரும்பாலும் பகை காரணமில்லை; ஏதாவது ஓர் ஆணையின் நகல் குறைந்திருக்கும், அதைச் சொல்லி அனுப்ப ஆளிருக்காது. பத்து நாளுக்கு ஒருமுறை மாலையில் போய்க் கேட்டால் நகரும். பணிப்பதிவேட்டில் தகுதிகாண் பருவப் பதிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பல பதிவேடுகளில் ஆணை ஒட்டப்பட்டிருக்கும், பதிவு எழுதப்பட்டிருக்காது.

தேர்வைப் பற்றி. முதல்நிலையில் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம்; 175 பொது அறிவு, 25 திறனறிவு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. 6 முதல் 12 வரையிலான பாடநூல்கள்தான் அடித்தளம் என்பதால் ஆசிரியருக்கு இது பாதி தெரிந்த ஊர். சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் வகுப்புக்குத் தயாரிப்பதே தேர்வுக்கும் தயாரிப்பு. இங்கே கடமையும் ஆசையும் சண்டை போடவே இல்லை. கணித ஆசிரியருக்குத் திறனறிவின் 37.5 மதிப்பெண் கையிருப்பு. தமிழாசிரியருக்கு முதன்மைத் தேர்வின் முதல் தாளான கட்டாயத் தமிழில் கவலையில்லை. 100-க்கு 40 எடுத்தால் போதும், தரவரிசையில் சேராது.

முதன்மையில்தான் ஆசிரியர்கள் சறுக்குகிறார்கள். மூன்று தாள், ஒவ்வொன்றும் 250 மதிப்பெண், 3 மணி நேரம். 180 நிமிடத்தை 250-ஆல் வகுத்தால் 15 மதிப்பெண் விடைக்கு 11 நிமிடம்கூட இல்லை. வகுப்பில் ஒரு கருத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பழகியவர் விடைத்தாளிலும் அப்படியே எழுதுகிறார்: முன்னுரை அரைப்பக்கம், விளக்கம், மறுவிளக்கம். பிள்ளைக்குத் தேவைப்படும் அந்த மறுவிளக்கம் திருத்துகிறவருக்குத் தேவையில்லை. முன்னுரை இரண்டு வரி, ஆறேழு கருத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டமோ ஆண்டோ திட்டமோ தமிழ்நாட்டு எடுத்துக்காட்டோ, முடிவில் இரண்டு வரி. அவ்வளவுதான் 11 நிமிடத்தில் பிடிக்கும். இன்னொன்று கை. ஆசிரியர் கை சுண்ணக்கட்டிக்கும் சிவப்பு மைக்கும் பழகியது. தொடர்ந்து 3 மணி நேரம் எழுதிப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும். இரண்டாம் மணி நேரத்தில் பெருவிரல் இழுத்துக்கொள்ளும், எழுத்து சிதறும். 30 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டினால் பதினோராவது வாரத்தில் முழு 3 மணி நேரத்துக்குக் கை வரும்.

முதல்நிலை முடிவு வரட்டும் என்று எழுத்துப் பயிற்சியைத் தள்ளிப்போடுவது பெரிய தப்புக் கணக்கு. 2025-இல் ஜூன் 15 எழுதியவர்களுக்கு முடிவு ஆகஸ்டு கடைசியில்தான் வந்தது. டிசம்பர் 1-க்கு மூன்றே மாதம். காத்திருந்தவர்கள் இரண்டரை மாதத்தை விட்டார்கள். அதிலும் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு.

எல்லாருக்கும் குரூப் 1 பொருந்தாது. ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) வருவதற்கு முந்தைய காலத்தில் பணியில் சேர்ந்து 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை எடுக்கிறவர்களுக்கு இப்போது முதல் வேலை டெட்தான். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெறவேண்டும். 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தாள் 1 என்றால் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதி, தலா 30. மற்ற நான்கையும் தினமும் கையாளுகிறவர்கள் முதல் பகுதியில்தான் மதிப்பெண் விடுகிறார்கள், காரணம் பயிற்சிப் பள்ளியை விட்டபின் பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற குழந்தை உளவியல் அறிஞர்களை யாரும் தொட்டதில்லை.

முதுகலைப் பட்டமும் பி.எட்.-டும் உள்ளவருக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு இன்னொரு வழி. பாடம் 110, கல்வி முறையியல் 30, பொது அறிவு 10, ஆக 150. தனியாகத் தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20. வயது வரம்பு தாராளம். பட்டதாரி ஆசிரியர் இதற்காக மூன்றாண்டு உழைத்தால் தொடக்க ஊதியத்தில் கிடைப்பது 500 ரூபாய் வித்தியாசம் என்பதைப் பார்த்துவிட்டு இறங்கவேண்டும். பிளஸ் டூ பாடம் எடுக்கும் ஆசை, பதவி உயர்வுப் பாதை இரண்டுக்காகவும் எழுதலாம். பணத்துக்காக எழுதினால் ஏமாற்றம்தான். இடைநிலை ஆசிரியருக்கோ அதே தேர்வு பெரிய தாவல். முதுகலையும் பி.எட்.-டும் வைத்துக்கொண்டு கல்வித் துறையை விட மனமில்லாதவர், குரூப் 1சி வழியாக நடக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் நேரடித் தேர்வையும் பார்க்கலாம்; இடம் மிகக் குறைவு.

பகுதிநேர முனைவர் பட்டம் என்றால் 2022 யுஜிசி விதிமுறைப்படி குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6, பாடநெறிக்கு மட்டும் குறைந்தது 12 கிரெடிட். துறை தரும் தடையின்மைச் சான்றில் மூன்று செய்தி இருக்கவேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் கிடைக்கும் வேலை, பாடநெறிக்குத் தேவைப்பட்டால் விடுவிப்பு. மூன்றாவதைத்தான் அலுவலகங்கள் எழுதத் தயங்கும். சேர்க்கைக் கட்டண ரசீதின் தேதி, துறையின் முன் அனுமதி ஆணைக்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். ஒரு நாள் முந்தினாலும் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது இழுபறி. உயர்கல்விக்கு முன்பு கிடைத்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சோடு நின்றுவிட்டதால், இதில் பண ஆதாயக் கணக்கு வேண்டாம்.

படித்ததைக் காசாக்கும் யோசனை சிலருக்கு வரும்: மாலையில் போட்டித் தேர்வு வகுப்பு, யூடியூப் சேனல். தனிப்பயிற்சி எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவே தடுக்கிறது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேறு வருமானத்துக்கு முன் அனுமதி கேட்கின்றன. தேர்வு முடியும்வரை இதைத் தொடாமலிருப்பது நல்லது. நேரமும் மிஞ்சும், குறிப்பாணையும் வராது.

தேர்வாகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் பலர் செய்யும் காரியம், 'நான் என் பணியை ராஜினாமா செய்கிறேன்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பது. வெறும் ராஜினாமா பழைய பணிக்காலத்தை அழித்துவிடும். உரிய அனுமதியோடு வேறு அரசுப் பணியில் சேருவதற்காக என்று எழுதினால்தான் அந்தக் காலம் நிற்கும். ஆகவே கடிதத்தில் தேர்வாணையத்தின் தெரிவு எண், புதிய துறையின் நியமன ஆணை எண், தடையின்மைச் சான்றின் எண், தேதி மூன்றையும் குறிப்பிட்டு, 'அப்பணியில் சேரும் பொருட்டுப் பணிவிடுவிப்பு' என்று கேளுங்கள். நிரந்தரமானவர் என்றால், புதிய வேலையில் தகுதிகாண் பருவம் முடியும்வரை பழைய பணியிடத்துக்குத் திரும்பி வரும் 'லீன்' உரிமையைத் தக்கவைக்கும்படியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். முசூரி ஐஏஎஸ் பயிற்சியோ வண்டலூர் காவல் பயிற்சியோ பிடிக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. ஆனாலும் கேட்டு வைப்பதில் செலவில்லை.

விடுவிப்பு நாளுக்கு முன் ஒப்படைக்க வேண்டியவை: தளவாடப் பதிவேடு, விலையில்லாப் பொருட்கள் பதிவேடு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான ஏடும் வங்கிப் புத்தகமும், எமிஸில் உங்கள் பெயரில் இருக்கும் வகுப்பு, வாக்குச்சாவடி ஆவணங்கள், திறன் அட்டைகள், அலமாரிச் சாவி. வாங்க வேண்டியவை: நிலுவையின்மைச் சான்று, கடைசி ஊதியச் சான்று, பணிப்பதிவேட்டில் விடுவிப்புப் பதிவு, ஓய்வூதியக் கணக்கு எண் மாற்றத்துக்கான கடிதம். ஆண்டின் நடுவில் போகிறீர்கள் என்றால் அரும்புப் பிள்ளைகளின் அந்த ஒரு பக்கப் பட்டியலை அன்றைய தேதி போட்டுப் புதுப்பித்து, ஒப்படைப்புப் பட்டியலில் கடைசி இனமாகச் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். பதிவேட்டில் ஏறியது மட்டும்தான் அடுத்து வருகிறவர் கைக்குப் போய்ச் சேரும்.